அலைமேட்டுச் சங்கிலி

பித்தளைப் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, கங்கையா பாறை விளிம்பில் குப்புறக் கிடந்தார்.

முகத்துக்கு நேர் கீழே தொண்ணூறு அடிப் பள்ளம். மார்புக்கு அடியில் பாறை பொரிமாவு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. பிடியில் மாட்டிய இரும்புச் சங்கிலி அவர் கையிலிருந்து புறப்பட்டு, அந்தரத்தில், கொஞ்சமும் தொய்யாமல், நேர்க்கோடாக நீண்டிருந்தது.

மறுமுனையை யாரோ இழுத்தார்கள்.

ஒரு விரற்கடை... இன்னொரு விரற்கடை...

மணி பன்னிரண்டு நாலு. பகல்.

ஆமாம், பட்டப்பகல். தலைக்கு நேர் மேலே சூரியன். பேய் என்றால் இருட்டும் சுடுகாடும் வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும்; எனக்கு இஷ்டப்பட்டபடி மாற்றி எழுத இது நான் கட்டின கதை இல்லை. நடந்தது 1960 மார்ச் 17, வியாழக்கிழமை. நேரமெல்லாம் சர்வேயர் வேதாச்சலம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அளவுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்தவை. மற்றதெல்லாம் கங்கையா சொன்னது. அவர் சொன்னதில் ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், பொய் இருந்தது. இருபத்தேழு வருஷம் கழித்து அவரே அதைத் திருத்தினார். அந்தத் திருத்தத்தைக் கேட்ட பிறகு, வெயில் நேரத்தில்கூட என் முதுகுக்குப் பின்னால் யாராவது பேசினால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

அந்த மாதம் முழுக்க எல்லையோர ஊர்களில் ஒரே பரபரப்பு. ஏப்ரல் ஒன்றாம் தேதி சத்தியவேடு பக்கத்து ஊர்கள் மெட்ராஸை விட்டு ஆந்திராவில் சேர வேண்டும். திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போக வேண்டும். அதற்குள் எல்லைக்கோட்டை அளந்து கல் நட்டு முடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கங்கையா இருந்த சர்வே கேம்ப்பில் எல்லாம் முடிந்து, பாக்கி நின்றது அலைமேடு ஒன்றுதான்.

அலைமேடு என்பது வடக்குத் தெற்காகக் கிடக்கும் சிவப்பு மணற்பாறைக் குன்று. ஒரு காலத்தில் கடல் இது வரைக்கும் இருந்தது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பாறையை உடைத்தால் உள்ளே வழவழவென்று கூழாங்கற்கள், முட்டை முட்டையாக. உச்சியில் நின்றால் கிழக்கே வெகு தூரத்தில் பழவேற்காட்டு ஏரி வெள்ளைக் கோடாகத் தெரியும். கடல் போய்விட்டது. கரை மட்டும் நின்றுவிட்டது. அலை செய்த வேலையை இப்போது மழை செய்கிறது. மேற்குப் பக்கம் ஏறுகிற மாதிரி சரிவு. கிழக்குப் பக்கம் செங்குத்து. ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தக் கிழக்கு விளிம்பு இடிந்து இடிந்து உள்ளே வரும்.

காற்றும் மழையும் தின்றது போக மீந்த பாறைகள் விளிம்பு நெடுக நிற்கின்றன. குச்சி இடுப்பும் தலையில் அகலமான கூடையுமாக ஒன்று. அதன் பெயர் கூடைக்காரி. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் இரண்டு தூண்கள், ஓரகத்திகள். கடைசியில், யாரோ நிலை வைத்துக் கட்டியது போலப் பாறையே வளைந்து நிற்கிற இடம். அதற்குப் பெயர் வாசல்.

சங்கிலி வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். முன்னால் போகிறவன் முன்கை. பின்னால் நிற்கிறவன் பின்கை. முன்கையிடம் பத்து அம்பு இருக்கும். அம்பு என்றால் முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, தலையில் ஒரு வளையம், வளையத்தில் சிவப்புத் துணி. அறுபத்தாறு அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய், அது விறைக்கிற இடத்தில் ஒரு அம்பைக் குத்தி, முன்கை “போட்டாச்சு” என்று கத்துவான். பின்கை அந்த அம்பு வரைக்கும் நடந்து, அங்கே நின்று பிடியைப் பிடிப்பான். அடுத்த அம்பு விழுந்ததும் இதைப் பிடுங்கிக் கையில் சேர்த்துக்கொள்வான். பின்கையிடம் எத்தனை அம்போ, தூரம் அத்தனை சங்கிலி. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தப்பாது.

இதில் மீறக் கூடாதது இரண்டு. கோட்டின் மேல் நிற்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முன்கை, பின்கை, அவ்வளவுதான். எல்லையில் ஒரு பெயரைச் சொன்னால் யார் யாரோ ஏன் என்பார்கள் என்று சங்கிலி ஆட்களுக்குள் ஒரு பயம். இன்னொன்று, “போட்டாச்சு” என்ற சத்தம் வரும் வரைக்கும் பின்கை பிடியை விடவே கூடாது. சரிவில் இறங்குகிற முன்கைக்கு அந்தச் சங்கிலிதான் உயிர்க்கயிறு.

கங்கையா இருபது வருஷப் பின்கை. ஒரு தரம்கூட விட்டதில்லை.

அன்றைக்கு முன்கை முனிகிருஷ்ணன். கங்கையாவின் தங்கை செங்கம்மாவின் புருஷன். வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. செங்கம்மாவுக்கு ஏழாம் மாசம்.

காலையில் கஞ்சித் தூக்கைக் கையில் கொடுக்கும்போதே அவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, இந்த ஆளுக்கு வெளையாட்டுப் புத்தி. பாறை மேல ஏத்திட்டு நீ பாட்டுக்குப் பராக்குப் பாத்துக்கினு நிக்காத.”

“நா பாத்துக்கறேன் போம்மா.”

“பாத்துக்கினா போதாது. கைய வுட்டுடாத.”

முனிகிருஷ்ணனுக்குச் சிரிப்பு. “கேட்டுக்கினியா மச்சான்? உன் தங்கச்சி தாலி உன் கையிலதான் கீது. வுட்டுட மாட்டியே?”

“வாய மூடிக்கினு நட மாப்ள. வெயில் ஏறிடப் போவுது.”

குன்றின் மேற்கு அடிவாரத்தில், ஒரு வேல மரத்தடியில், வேதாச்சலம் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி. மேலே ஏற முடியாது. கையில் பைனாகுலர், கழுத்தில் விசில், மடியில் வரைபடத்தின் நகல்.

“வாசலோட எட்டு செயின். அதுக்கு அப்பால மூணு செயின் சமதரை. அங்க பழைய கல்லு ஒண்ணு கீது, மேப்புல புள்ளி வெச்சிருக்கான். அது வரைக்கும் அளந்துட்டா ஜோலி முடிஞ்சுது,” என்றார். “நா விசில் ஊதினா நின்னுடணும். தெரிஞ்சுதா? தொந்தரகா, சட்டுனு முடிச்சுட்டு வாங்கப்பா. ஆனா ஜாகர்த்த.”

யாரும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரவில்லை. வரைபடத்தில் இருக்கிறதே, அப்புறம் என்ன?

10.40. முதல் அம்பு.

கீழேயிருந்து பார்க்கிறதற்கும் மேலே நடக்கிறதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. காலை ஊன்றினால் பாறை அப்பளமாக நொறுங்கியது. கிழக்கேயிருந்து காற்று விடாமல் அடித்தது. முனிகிருஷ்ணனுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

“பின்கை! இந்தக் காலு ஆந்திரா, அந்தக் காலு மெட்ராஸு. நடுவுல நின்னு ஒண்ணுக்குப் போனா எந்த கவர்மெண்ட்டுல சேத்தி?”

“வேலையப் பாரு, முன்கை.”

“இல்ல, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். நாளைக்கு வரி கிரி போட்டுட்டானுங்கன்னா?”

இரண்டாவது அம்பு. மூன்றாவது அம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நையாண்டி. பையன் புதுசு என்பது சங்கிலியிலேயே தெரிந்தது. வெடுக் வெடுக்கென்று இழுப்பான். கங்கையாவின் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது.

11.08. நாலாவது அம்பு.

அதைத் தாண்டினால் கூடைக்காரி. அதன் கிழக்குப் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். முனிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்து, “கூடைக்காரி என்ன விக்கிறான்னு கேட்டுக்கினு வரேன்,” என்று சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனான்.

சங்கிலி அவன் பின்னாலேயே சரசரவென்று போயிற்று.

அப்போது ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்...

வேர்க்கடலை மூட்டையைத் தரையில் கவிழ்த்தால் வருமே, அந்த மாதிரி. பெரிய சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

சங்கிலி தொய்ந்து தரையில் விழுந்தது.

“முன்கை?”

காற்று மட்டும்.

“முன்கை! இன்னாடா ஆச்சு?”

கங்கையா பிடியை விடாமல் நின்றார். மூச்சை எண்ணினார். ஏழு... எட்டு... ஒன்பது...

தரையில் கிடந்த சங்கிலி மெதுவாக எழும்பியது. வளையம் வளையமாக மண்ணை உதறிக்கொண்டு எழும்பியது. நேரானது. விறைத்தது.

“போட்டாச்சு.”

கங்கையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “எருமை! வழுக்கினா வாயத் தொறந்து சொல்லித் தொலையறதுக்கென்ன?” என்று திட்டிக்கொண்டே அம்பைப் பிடுங்கினார்.

11.19.

கூடைக்காரியைச் சுற்றிக்கொண்டு போனபோது விளிம்பில் ஒரு ஆள் அகலத்துக்குப் புதிதாக மண் சரிந்திருந்தது. ஈரம் காயாத செம்மண். ‘தப்பினான்’ என்று நினைத்துக்கொண்டு, பாறையை ஒட்டினாற்போல நடந்தார். எட்டிப் பார்க்கவில்லை. சங்கிலிதான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறதே.

ஐந்தாவது அம்பு, நட்டநடுவாக, அச்சுப் பிசகாமல் நின்றது. அதன் முன்னாலிருந்து சங்கிலி அடுத்த பாறைக்குப் பின்னால் வளைந்து போய் விறைத்தது. முனிகிருஷ்ணன் கண்ணில் படவில்லை.

“போட்டாச்சு.”

கங்கையா அம்பைப் பிடுங்கினார்.

கை சில்லென்றது.

பங்குனி வெயிலில் பத்து நிமிஷம் நின்ற இரும்பு தொட்டால் சுட வேண்டும். இது கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தது போல இருந்தது. துணியும் சிவப்பாக இல்லை. மண் நிறம். ‘புழுதி’ என்று நினைத்தார்.

11.31. ஆறாவது அம்பு.

நையாண்டி இல்லை. ஒரு பேச்சும் இல்லை. பயந்துவிட்டான் போலிருக்கிறது என்று கங்கையாவே பேச்சுக் கொடுத்தார்.

“இன்னா முன்கை, கூடைக்காரி வாயக் கட்டிட்டாளா?”

பதிலுக்குச் சங்கிலி நகர்ந்தது.

வெடுக்கென்று இழுக்கவில்லை. ஒரே சீராக, ஒரே வேகத்தில், எண்ணெய் விட்டாற்போல இழுத்தது. இருபது வருஷத்தில் இரண்டு முன்கைகளிடம்தான் அப்படி ஒரு கையைக் கங்கையா பார்த்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு வேலை படிந்துவிட்டதே என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது. சாயந்தரம் செங்கம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஓரகத்திகள் இரண்டும் தலைக்கு மேலே நின்றன. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய செம்மணல், சலித்துப் போட்ட மாவு மாதிரி. சங்கிலி இழுபட்ட தடம் அதில் நீளமாகக் கிடந்தது.

சங்கிலித் தடம் மட்டும்.

முனிகிருஷ்ணன் காலில் டயர் செருப்பு. பட்டை பட்டையாக அச்சு விழும். அங்கே ஒரு அச்சுகூட இல்லை.

கங்கையா நின்றார்.

பிடி இழுத்தது. நடந்தார்.

11.43. ஏழாவது அம்பு. சில்லென்று.

கீழே மேற்கே பார்த்தார். வேல மரத்தடியில் வேதாச்சலம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். குடையை விரித்தார். மடக்கினார். விரித்தார். மடக்கினார். வாயில் விசில் இருந்த மாதிரி தெரிந்தது. கிழக்குக் காற்றில் எதுவும் மேலே வரவில்லை.

சீக்கிரம் வரச் சொல்கிறார் என்று நினைத்து, கங்கையா கையைத் தூக்கிக் காட்டினார்.

வேதாச்சலம் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த முழங்காலோடு, சரிவில் ஏற ஆரம்பித்தார்.

11.56. எட்டாவது அம்பு.

இந்த நேரத்தை வேதாச்சலம் சரிவில் ஏறிக்கொண்டே எழுதியிருக்கிறார். பென்சில் கிழித்த இடம் புத்தகத்தில் இருக்கிறது.

அம்பு வாசலுக்குள், நிலைக்கு நேர் நடுவில் நின்றது. கங்கையா போய் அதன் பக்கத்தில் நின்றார். சங்கிலி வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. விறைத்தது.

“போட்டாச்சு” வரவில்லை.

காத்திருந்தார்.

வாசலுக்கு அப்பால் வெறும் வானம். வெள்ளையாக, கண் கூசும் வானம். மூன்று சங்கிலி சமதரை என்று சொன்னார்களே...

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

இரண்டு அடி. அவர் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு அடி. அதற்கு மேல் தரை இல்லை.

சங்கிலி மட்டும் போயிருந்தது.

அறுபத்தாறு அடி. அந்தரத்தில். அதன் கோடியில் இன்னொரு பித்தளைப் பிடி வெயிலில் மின்னியது. இடுப்பு உயரத்தில்... யாரோ கையில் பிடித்திருக்கிற மாதிரி... செங்குத்தாக.

பிடித்திருப்பவர் இல்லை.

சங்கிலி இழுத்தது.

கங்கையா குப்புற விழுந்தார். ஒரு கையால் அம்பைப் பற்றினார். அது மண்ணோடு கையில் பிடுங்கிக்கொண்டு வந்தது. மற்ற அம்புகள் இடுப்புக் கச்சையில் குத்தின. இரண்டு கையும் பிடிக்கே போய்விட்டன.

“வுடாத, பின்கை.”

முன்னாலிருந்து வந்தது குரல். மாப்பிள்ளை குரல் மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

மனசு சொன்னது: விழுந்துவிட்டான், தொங்குகிறான், நீதான் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

கண் சொன்னது: தொங்கினால் சங்கிலி கீழே அல்லவா போக வேண்டும்?

“வுடாத.”

ஒரு விரற்கடை...

பிடித்தால் அவர் போவார். விட்டால் செங்கம்மாவின் புருஷன் போவான். அந்தக் கோடியில் இருப்பது அவனாக இருந்தால்.

அவனா?

திரும்பிப் பார்க்க முடியாது. எழுந்திருக்க முடியாது. கத்தினால் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு விரற்கடை...

தாடை விளிம்புக்கு வெளியே வந்துவிட்டது.

12.04.

அடுத்து நடந்ததாகக் கங்கையா எல்லோரிடமும் சொன்னது இது. போலீஸ்காரரிடம், வேதாச்சலத்திடம், செங்கம்மாவிடம், வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னார்.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக, கோட்டின் மேல் அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“முனிகிருஷ்ணா!”

பதில் வந்தது.

முன்னாலிருந்து இல்லை. பின்னாலிருந்து. முதுகுக்கு வெகு பக்கத்தில்.

“நா இங்க கீறேன் மச்சான். அது நா இல்ல. வுட்டுடு.”

விட்டார்.

சங்கிலி விழவில்லை. போயிற்று. சரசரவென்று, நேராக, கிழக்கே பார்த்து. கீழே மோதிய சத்தம் கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

திரும்பினார். பின்னால் ஒருவரும் இல்லை.

12.20 வாக்கில் வேதாச்சலம் மேலே வந்து சேர்ந்தார். வாசலடியில் உட்கார்ந்திருந்த கங்கையாவைப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்க அவருக்கு மூச்சு வரவில்லை. கங்கையாதான் கேட்டார்.

“சார், மாப்ளயப் பாத்தீங்களா?”

“கூடைக்காரிக்குப் பின்னால போனான். அதோட சரி. அந்தப் பக்கம் அவன் வெளிய வரவே இல்ல, கங்கையா. நீ ஒண்டியாத்தான் வந்துகினு இருந்தே.” வேதாச்சலம் உதட்டை நனைத்துக்கொண்டார். “சங்கிலி மட்டும் உனக்கு முன்னால நெட்டா போய்க்கினு இருந்திச்சு. நா ஊதினேன், ஊதினேன்... வாயே வறண்டுபோச்சு.”

ஊரிலிருந்து ஆட்கள் வந்து, கிழக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்த் தேடினார்கள். 3.25க்கு முனிகிருஷ்ணன் கிடைத்தான். வாசலுக்குக் கீழே இல்லை. நாலு சங்கிலி முன்னாலேயே, கூடைக்காரிக்கு நேர் கீழே, சரிந்த மண்ணுக்குள். முகத்தில் அந்தச் சிரிப்புகூட முழுசாகப் போகவில்லை என்று எடுத்தவர்கள் சொன்னார்கள்.

வலது கையில் அம்புக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். விரலைப் பிரித்து எண்ணினார்கள்.

ஆறு. ஆறிலும் சிவப்புத் துணி.

பத்தில் நாலைத்தான் அவன் குத்தியிருக்கிறான். நாலாவது அம்போடு அவன் வேலை முடிந்துவிட்டது.

வேதாச்சலம் ஒரு துண்டை விரித்து, கங்கையாவின் கச்சையிலிருந்த அம்புகளையும் வாசலடியில் கிடந்த அம்பையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

எட்டு.

நாலில் சிவப்புத் துணி. மற்ற நாலு வேறு. கட்டைவிரல் கனம், சம்மட்டியால் அடித்த கொல்லுப்பட்டறை வேலை. உடம்பெல்லாம் துரு. வளையத்தில் ஒட்டடை மாதிரி இரண்டு நூல். அந்த நாலையும் தொட்டவர்கள் எல்லோரும் கையை உதறிக்கொண்டார்கள்.

சங்கிலி கிடைக்கவே இல்லை.

ஏப்ரலில் ஊர்கள் கைமாறின. மே மாதம் பழைய தஸ்தாவேஜுகள் கட்டுக்கட்டாகச் சித்தூர் வந்து இறங்கின. வேதாச்சலம் லீவு போட்டுவிட்டுப் போய், அலைமேட்டை முதன்முதலில் அளந்தவர்களின் அசல் புத்தகத்தைத் தேடி எடுத்தார். 1912. அதிலும் எட்டுச் சங்கிலிதான் இருந்தது. வாசலுக்கு அப்பால் இருந்த மூன்று சங்கிலி சமதரையும், பழைய கல்லும், பிற்பாடு தாலுக்கா கச்சேரியில் உட்கார்ந்து யாரோ போட்ட கோடும் புள்ளியும். அங்கே போய் நின்று அளந்தவர் எந்தக் காலத்திலும் இல்லை.

எட்டாவது வரிக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் குறிப்பு இருந்தது. பின்கை பிடியை விட்டு ஓடிவந்துவிட்டான். முன்கை விழுந்து இறந்தான். உடல் அகப்படவில்லை. சங்கிலி ஒன்று, அம்பு பத்து, அகப்படவில்லை.

“பத்துல நாலு இப்ப வந்திடுச்சு,” என்று வேதாச்சலம் ஊருக்கு வந்து கங்கையாவிடம் சொன்னார். “மிச்சம் ஆறு...”

அந்த வருஷமே எல்லைக்கோட்டை மேற்கே தள்ளி, சரிவோடு சரிவாகக் கல் நட்டுவிட்டார்கள். அலைமேட்டின் மேலே யாரும் போவதில்லை.

செங்கம்மாவுக்கு மே கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அண்ணனை அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவளே சொல்வாள்: “எங்கண்ணன் கைய வுடலங்க. எங்க வூட்டுக்காரருதான் செத்தும் வந்து நின்னு, வுட்டுடுன்னு சொன்னாரு. மச்சானக் காப்பாத்திட்டுத்தான் போனாரு.” அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே பெண்ணை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கட்டிக்கொடுத்தாள்.

கங்கையா அதற்கப்புறம் சங்கிலியைத் தொடவில்லை. தாம்புக்கயிற்றைக்கூட அவர் கையில் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

1987 தையில் செங்கம்மா போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து, எல்லோரும் கிளம்பிய பிறகு, கங்கையா அதே ஊர்க்காரனான என்னை மட்டும் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வெயில் உச்சியில் இருந்தது. உள்ளங்கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துப் பேசினார்.

“நா பேரு சொல்லிக் கூப்புடவே இல்லப்பா. பின்னால இருந்து யாரும் வுட்டுடுன்னு சொல்லல.”

வலது கையை ஒரு தரம் மூடித் திறந்தார்.

“அந்தக் கோடியில தொங்கறது மாப்ளதான்னு நெனச்சுக்கினேன். அவந்தான்னு நெனச்சுக்கினுதான்... என் உசுரு பெரிசாப் போச்சு. வுட்டேன்.”

உள்ளங்கைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

“குரலு வந்தது நெஜம். பின்னால இருந்து வந்ததும் நெஜம். ஆனா நா வுட்டதுக்கு அப்புறம் வந்திச்சு. பொடனியில மூச்சு படற மாரி, அவ்ளோ கிட்ட. அவன் குரலுதான். சந்தேகமே இல்ல.”

“என்ன சொன்னான்?”

கங்கையா திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“‘வுட்டுட்டியா, மச்சான்?’”